ஆய்வு அறநெறிக் குழுவின் ஒப்புதல் வெறும் சடங்கா?

பல்கலைக்கழகங்கள் ஆய்வுகளின் அறநெறியை உண்மையாகவே கண்காணிக்கின்றனவா, அல்லது ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் அறநெறிக் குழு தரும் ஒப்புதல் கடிதம் வெறும் சடங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலை மாவட்டக் கிராமங்களுக்கு நேர்காணல் உதவியாளராகச் சென்றுவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: களத்துக்குப் போகுமுன் நடக்கும் பரிசீலனை பயனுள்ளதுதான், களத்தில் நடப்பதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஆய்வாளர் தமது முன்மொழிவோடு வினாக்கொத்து, தகவல் தாள், சம்மதப் படிவம் ஆகியவற்றை, பங்கேற்கும் மக்களின் மொழியிலேயே, தரவு சேகரிக்கத் தொடங்குமுன் அறநெறி மீளாய்வுக் குழுவிடம் கையளிக்க வேண்டும். ஆபத்துக் குறைந்த ஆய்வுகளை ஓரிருவர் விரைவாகப் பார்த்து முடிப்பதுண்டு. சிறுவர், கைதிகள் போன்றோரைச் சேர்த்துக்கொள்ளும் ஆய்வுகள் பொதுவாக முழுக் குழுவின் முன் வரும். தன்னுடைய அல்லது தன் மாணவரின் ஆய்வு பேசப்படும்போது உறுப்பினர் விலகியிருக்க வேண்டும் என்பதும் விதி.

இவ்விதிகள் சும்மா வந்தவை அல்ல. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களை, பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பின்னரும், நோயின் போக்கைப் பார்ப்பதற்காகவே சிகிச்சையின்றி விட்டுவைத்தார்கள். அது வெளிவந்த பிறகே 1974இல் அங்கு மீளாய்வுக் குழுக்களுக்குச் சட்ட வலு கிடைத்தது. மருத்துவ ஆய்வுக்கென 1964இல் எழுதப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனமோ, இன்றைய வடிவில், நடந்துகொண்டிருக்கும் ஆய்வைக் கண்காணிக்கும் உரிமையையும் குழுவுக்குத் தருகிறது. நான் அறிந்தவரை அந்த உரிமை பெரும்பாலும் ஆய்வாளர் அனுப்பும் முன்னேற்ற அறிக்கையோடு நின்றுவிடுகிறது.

சுனாமிக்கும் போருக்கும் பின்னர் எங்கள் மக்கள் எத்தனையோ படிவங்களுக்குப் பதில் சொல்லிச் சலித்தவர்கள். நிவாரணக் கணக்கெடுப்பு எது, ஆய்வு எது என்று அவர்களால் பிரித்தறிய முடிவதில்லை. மூதூர்ப் பக்கம் ஒரு வீட்டில் சம்மதப் படிவத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன். பேனையைக் கையில் வாங்கிய அம்மா, “தம்பி, இதில கையெழுத்து வைச்சா வீட்டுத்திட்டத்தில பேர் வருமோ?” என்று கேட்டார். நேரடிப் பயன் எதுவும் இல்லை என்று படிவத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனால் எங்களை அங்கே அழைத்துவந்த கிராம உத்தியோகத்தர் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் யார்தான் மறுப்பார்கள்? படிவம் குறையற்றது, சம்மதம் சுதந்திரமானதன்று. குழுவின் மேசைக்குப் போவது படிவம் மட்டுமே.

ஆகவே குழுக்கள் சில பங்கேற்பாளர்களையாவது பின்னர் நேரில் கண்டோ தொலைபேசியிலோ விசாரிக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன். உள்ளூர் அதிகாரி வழியாக வீடுகளுக்குப் போவது எப்படி என்பதை ஆய்வாளர் விண்ணப்பத்திலேயே விளக்கும்படியும் கேட்கலாம்.

நீங்கள் மாணவராக இருந்தால், ஒப்புதல் வருமுன் ஒரு வினாக்கொத்தைக்கூட நிரப்பாதீர்கள். நடந்து முடிந்ததற்குப் பின்னோக்கி ஒப்புதல் தரமாட்டார்கள். உங்களிடம் யாரேனும் ஆய்வுக்கு வந்தால், முறைப்பாடு செய்வதற்கான குழுவின் தொடர்பு இலக்கத்தைத் தகவல் தாளில் பாருங்கள், அதில் தமிழில் பேசக்கூடியவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். காரணம் எதுவும் கூறாமல் இடையில் விலகிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.