காந்தி சொல்லாததும் ட்ரம்ப் சொல்வதும்

கே: ‘மேற்கத்திய நாகரிகம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டபோது, ‘அப்படி ஒன்று வந்தால் நல்லதுதான்’ என்றாராம் காந்தி. இப்போது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு வியூக அறிக்கை, ஐரோப்பாவின் நாகரிகத்தை மீட்டெடுக்கப் போவதாகச் சொல்கிறது. நடக்குமா?

– வாசகர், கும்பகோணம்

ப: முதலில் காந்தியை விடுங்கள். அவர் இப்படிச் சொன்னதற்கு இதுவரை யாரும் ஆதாரம் காட்டவில்லை. இந்தப் பக்கத்திலேயே இதை எழுதி எழுதி அலுத்துவிட்டது. ஒரு பட்டிமன்றப் பேச்சாளரிடம் சொன்னேன். ‘சொல்லாவிட்டால் என்ன சார், சொல்லக்கூடியவர்தானே?’ என்றார். கைதட்டல் அவருக்குத்தான்.

காந்தி நிஜமாகவே எழுதியது இதைவிடக் காரமானது. 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும்போது, ‘கில்டோனன் காசில்’ கப்பலில், கப்பல் தாளிலேயே ‘ஹிந்த் ஸ்வராஜ்’ புத்தகத்தை எழுதினார். வலது கை வலித்தால் இடது கையால் தொடர்ந்தார். (எங்கள் உதவி ஆசிரியருக்கு ஒரு கை வலித்தாலே இரண்டு நாள் லீவு.) நவீன நாகரிகம் ஒரு நோய் என்றார், ரயில், வக்கீல், டாக்டர் மூன்றையும் வாங்கு வாங்கு என்று வாங்கினார். இத்தனைக்கும் அவரே பாரிஸ்டர். மறுவருடமே பம்பாய் அரசு தடை போட்டது. இதையெல்லாம் ஏன் யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை?

சரி, அறிக்கைக்கு வருவோம். வருடாவருடம் இப்படி ஒன்றைத் தர வேண்டும் என்பது 1986-ல் அமெரிக்க காங்கிரஸ் போட்ட சட்டம். இப்போதெல்லாம் ஒரு பதவிக்காலத்துக்கு ஒன்று வந்தாலே பெரிய விஷயம். 2025 டிசம்பரில் வந்தது, ஐரோப்பாவின் நாகரிகமே அழிந்துபோகலாம், இருபது வருடத்தில் அடையாளம் தெரியாமல் போகலாம் என்கிறது. குடியேற்றம், குறையும் பிறப்பு விகிதம், பேச்சுரிமைக்குத் தடை என்று குற்றப்பட்டியல் நீள்கிறது.

உலகப் பொருளாதாரத்தில் ஐரோப்பாவின் பங்கு 1990-ல் 25 சதவீதம், இப்போது 14 என்றும் ஒரு கணக்கு. அங்குள்ள சட்டதிட்டங்களும் ஒரு காரணமாம். இருக்கலாம். ஆனால் இதே காலத்தில் சீனா எங்கிருந்து எங்கே போனது? பந்தியில் புதிதாக நாலு பேர் உட்கார்ந்ததற்கு, முதலில் உட்கார்ந்தவருக்கு அஜீரணம் என்று மருந்து கொடுக்கிறார்கள்.

ரஷ்யாவுக்கு இப்படி எந்த உபதேசமும் கிடையாது. ‘இந்த அறிக்கை எங்கள் பார்வையோடு பெருமளவு ஒத்துப்போகிறது’ என்று ரஷ்ய அதிபர் மாளிகையான கிரெம்ளினின் செய்தித் தொடர்பாளர் பெஸ்கோவ் பாராட்டே தெரிவித்துவிட்டார். அமெரிக்காவும் ஐரோப்பாவும் சேர்ந்து நேட்டோ ராணுவக் கூட்டணியைக் கட்டியது யாருக்குப் பயந்து என்று அவருக்காவது ஞாபகம் இருக்கும்.

நாகரிகத்தைக் காப்பாற்றுவது இருக்கட்டும், கூட்டாளியின் நிலத்தில் கண் வைக்காமல் இருந்தாலே போதும். ‘ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும்’ என்ற நேட்டோவின் 5-வது பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான் பயன்பட்டிருக்கிறது: 2001-ல், அமெரிக்காவுக்காக. அப்புறம் ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பி நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்த குட்டி நாடு டென்மார்க். அந்த டென்மார்க்கிடம்தான் 2019-லேயே கிரீன்லாந்தை விலைக்குக் கேட்டார் ட்ரம்ப். அபத்தம் என்று பிரதமர் ஃபிரெடெரிக்சன் சொன்னதும், கோபித்துக்கொண்டு அங்கே போகவிருந்த பயணத்தையே ரத்து செய்தார்.