யார் ரிப்பேர் பார்ப்பது? [கடிதம்]

அன்புள்ள ஐயா,

நான் ஒரு சிவில் இன்ஜினியர். அமெரிக்கா 20 வருடம், 145 பில்லியன் டாலர் கொட்டியும் 2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தான் அரசு தாலிபான் முன்னால் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. பேரரசுகளின் கல்லறை என்று சும்மாவா சொன்னார்கள்? ஊழலும் பழங்குடி மனமும் மாறாத மக்களுக்கு அடுத்தவன் நாடு கட்டித்தர முடியுமா? நம் இந்தியா போட்ட சாலையும் அணையும்கூட வீண்தானே? இனி உக்ரைனுக்குப் போகும் பணமும் இப்படித்தான் ஆகுமா?

க., ஓசூர்

அன்புள்ள க.,

சில நாட்களாக ஆப்கானிஸ்தானில் வாய்க்கால் வெட்டிய டெட்சு நாகமுரா என்ற ஜப்பானிய டாக்டரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் போட்டிருப்பேனா என்பது சந்தேகம்.

முதலில் அந்தப் பேரரசுகளின் கல்லறையை விடுங்கள் தம்பி. டிவி விவாதத்தில் சொல்ல வேறு எதுவும் இல்லாதவர்கள் எடுத்துவிடுவது அது. ஊழல் உண்டு, யார் இல்லை என்றது? 2010இல் உள்ளிருந்தவர்களே பணத்தைச் சுருட்டிக் காபூல் வங்கி கவிழ்ந்த கதை ஒன்றே போதும். ஆனால் பழங்குடி மனம் என்று எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா? அந்த அரசுக்காகச் சண்டை போட்டுச் செத்த ஆப்கன் சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் 60,000 பேருக்கு மேல். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்கு நாடு வேண்டாம் என்று நாம் தீர்ப்பு எழுதுகிறோம்.

நீங்கள் இன்ஜினியர் என்பதால்தான் எனக்குக் கூடுதல் கோபம். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கட்டினவன் ஊருக்குப் போன பிறகு யார் ரிப்பேர் பார்ப்பது என்பதுதான். நீங்கள் சொல்லும் 145 பில்லியன் டாலர், அமெரிக்கா மட்டும் புனரமைப்புக்கு என்று ஒதுக்கியது, போர்ச்செலவு தனி. அதில் என்ன நடந்தது என்று பாருங்கள். இத்தாலியிலிருந்து 20 பழைய ஜி222 சரக்கு விமானங்களை வாங்கிக்கொடுத்தார்கள், மொத்தச் செலவு சுமார் 55 கோடி டாலர். உதிரிபாகம் கிடைக்காமல் நின்றுபோயின. 2014இல் காபூலில் நின்ற 16 விமானங்களை உடைத்து எடைக்குப் போட்டதில் வந்தது சில பத்தாயிரம் டாலர்தான். சரி, அதையாவது கோமாளித்தனம் என்று விடலாம். ஹெலிகாப்டர் விஷயம் அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியதல்ல. ஆப்கன் மெக்கானிக்குகளுக்கு ரஷ்ய எம்ஐ-17 நன்றாகக் கைப்பழகியிருந்தது, பெரும்பாலான வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அதை ஓரங்கட்டிவிட்டு அமெரிக்க பிளாக் ஹாக் கொடுத்தார்கள், அதைப் பராமரிக்க வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள் வேண்டும். அப்புறம் 2020இல் தோஹாவில் தாலிபானோடு போட்ட ஒப்பந்தத்தில், ராணுவத்தோடு சேர்ந்து இந்த ஒப்பந்தக்காரர்களும் வெளியேற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். 2021இல் அவர்கள் மூட்டை கட்டியதும், எங்கோ ஒரு மலைச் செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்ட சிப்பாய்க்கு ரொட்டியும் குண்டும் கொண்டுபோக ஹெலிகாப்டர் இல்லை. அவன் துப்பாக்கியைக் கீழே போட்டான். அதற்குப் பெயர் பழங்குடி மனமா?

என் பெரியப்பா சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி. ஊர் வைத்த ஆள். கூலி பணமாகக் கிடையாது, அறுவடையானதும் களத்தில் நெல்லாக அளப்பார்கள். ராத்திரி முங்கிப்போய்க் கல்மடையைத் திறப்பார், சொந்த மச்சினன் வயலுக்கு முறை வராவிட்டால் சொட்டுத் தண்ணீர் விடமாட்டார், அதற்காகக் கல்யாண வீட்டில் சண்டை நடந்திருக்கிறது. பிறகு ஒரு துறை வந்து மடையை இடித்து, பளபளவென்று இரும்பு ஷட்டர் போட்டது. அதைச் சுற்றும் கைப்பிடியை ஆபீஸில் வைத்துக்கொண்டார்கள், ஆபீஸ் இருந்தது டவுனில். ஒரு மழைக்காலத்தில் ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் இறுகிக்கொண்டது, பெரியப்பா கரையில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினார், அவரால் வேறென்ன செய்ய முடியும்?

நாகமுரா 1984இல் பாகிஸ்தானின் பெஷாவருக்குத் தொழுநோய் பார்க்கப் போனவர். 2000இல் ஆப்கானிஸ்தானில் பெரும் வறட்சி. அழுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு வரும் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்துப் புண்ணியமில்லை என்று மனுஷனுக்கு விளங்கிவிட்டது. 2003இல் ஆப்கானிஸ்தானின் கிழக்கே நங்கர்ஹார் மாகாணத்தில் குனார் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தார், தானே பொக்லைன் ஓட்டினார். மாதிரிக்கு அவர் போய்ப் பார்த்தது நவீன அணை எதையும் இல்லை, தன் சொந்த மாகாணமான ஃபுகுவோகாவில் இருக்கும் யமதா என்ற பழைய கல் தடுப்பணையை. கரைக்குக் கம்பி வலைக்கூடைகளில் கல்லை நிரப்பி அடுக்கினார், இடையில் ஆற்றரளி மாதிரி தண்ணீரோரம் வளரும் வில்லோ மரங்களை நட்டார், அதன் வேர் கல்லைப் பிடித்துக்கொள்ளும். கூடை கிழிந்தால் ஊர்க்காரனே பின்னிப் போடுவான், கல்லுக்கு அங்கே பஞ்சமா? கூலிக்கு வெட்டியவர்களில் நேற்றுவரை துப்பாக்கி தூக்கியவர்களும் இருந்தார்கள். சுமார் 25 கிலோமீட்டர் வாய்க்கால், காம்பெரி பாலைவனத்தில் கோதுமை விளைந்தது. தண்ணீர் முறை பார்க்க அங்கேயும் மீராப் என்று ஒருவரை விவசாயிகளே வைத்துக்கொள்வது வழக்கம், அவருக்கும் விளைச்சலில் பங்கு. பெரியப்பா அங்கே போயிருந்தால் ஒரு வாரத்தில் வேலையில் சேர்ந்திருப்பார். 2019 டிசம்பரில் ஜலாலாபாத்தில் நாகமுராவையும் உடனிருந்த ஐந்து ஆப்கானியரையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தியா போட்ட சரஞ்ச்–டெலாராம் சாலையில் இன்றும் லாரி போகிறது, சல்மா அணையும் நிற்கிறது. வீண் என்று யார் சொன்னது உங்களுக்கு? உக்ரைன் வேறு கதை. குண்டு விழுந்த மின்நிலையத்தை அங்கே சரிசெய்வது அந்த ஊர் இன்ஜினியர்கள்தான், அவர்களுக்கு வேண்டியது டிரான்ஸ்பார்மர்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் ஆப்கானிஸ்தானைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கிற பிள்ளை கிடைப்பது அபூர்வம். அடுத்த கடிதத்தில் ஆப்கானிஸ்தான் வேண்டாம். நீங்கள் கடைசியாகக் கட்டி ஒப்படைத்த வேலை எது, அதன் மோட்டார் ரிப்பேரானால் அங்கே யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள்.