அந்தப் பேச்சை மட்டும் இந்த ஊரில் பேசாதீர்கள், தம்பி

தம்பி, அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்குப் புதிதாக வந்து நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். புறநகரான பார்மாவில் வீடு எடுக்கலாமா, பழைய கார் வாங்கலாமா, தோசை மாவு எங்கே கிடைக்கும் என்ற மூன்றுக்கும் பதில் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சிவா விஷ்ணு கோயிலில் போய் நில்லுங்கள், மூன்றும் முடிந்துவிடும். பனிக்கால டயரை மட்டும் கடன் வாங்கியாவது மாட்டிவிடுங்கள். நான் எழுத உட்கார்ந்தது நான்காவது கேள்விக்காக.

அலுவலகச் சாப்பாட்டு மேசையில், 2010இல் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் இந்த ஊர் அணியான கேவலியர்ஸை விட்டுப் போன பேச்சு வந்ததாம். "ஒப்பந்தம் முடிந்தது, போனார், நாம் வேலை மாறுவதில்லையா?" என்று நீங்கள் கேட்டதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்களாம். இத்தனை வருடம் கழித்தும் ஏன் என்று கேட்கிறீர்கள். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. 2010 ஜூலை 9 காலையில், என் அலுவலகத்தில், கிட்டத்தட்ட இதையேதான் நானும் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்த வருடம் ஜனவரியில்தான் நான் இங்கே வந்து இறங்கினேன். கூட்டி வந்த நிறுவனம் வேலை தயார் என்று சொல்லியிருந்தது. வந்து பார்த்தால் ஒரே வீட்டில் ஆறு பேர், இரண்டு மாதம் சம்பளம் கிடையாது. திருச்சியில் வாங்கிய ஷூவோடு பனியில் வழுக்கி விழுந்த என்னைத் தூக்கி நிறுத்தியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். இரும்பாலையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். முதுகு பிடிக்காமல் பனியை அள்ளுவது, உப்பை எப்போது தூவுவது என்பதெல்லாம் அவர் கற்றுக்கொடுத்ததுதான். கூடைப்பந்தையும் அவரிடம்தான் கற்றேன்.

ஜூலை 8 இரவு ஒன்பது மணிக்கு அவர் வீட்டில்தான் இருந்தேன். ஒரு விளையாட்டு வீரர் எந்த அணிக்குப் போகிறார் என்று அறிவிப்பதற்கு ஈஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக 'தி டிசிஷன்' என்ற நேரடி நிகழ்ச்சியை நடத்தியது. கனெக்டிகட்டில் ஒரு சிறுவர் மன்றம், பின்னால் குழந்தைகள். அரை மணி நேரம் இழுத்தடித்த பிறகு, தன் திறமையை சவுத் பீச்சுக்குக் கொண்டு போவதாகச் சொன்னார் லெப்ரான். மயாமி ஹீட் அணி என்று பொருள். பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய், தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டார். சாயங்காலம்தான் ஒரு முறை விட்டிருந்தார். லெப்ரானின் 23 எண் போட்ட சட்டையோடு அவருடைய பத்து வயதுப் பேரன் வாசற்படியில் வந்து நின்றான். ஊருக்குள் சிலர் அதே சட்டையைத் தெருவில் போட்டுக் கொளுத்துவதை டிவியில் காட்டினார்கள். நாமும் கொளுத்தலாமா என்றான் பையன். "உன் அம்மா காசு கொடுத்து வாங்கியது" என்றார் பெரியவர். அந்தச் சட்டை நான்கு வருடம் அவர் கார் கொட்டகையில் எண்ணெய் துடைக்கும் துணியாகக் கிடந்தது.

போக லெப்ரானுக்கு உரிமை இல்லை என்று இங்கே விவரம் தெரிந்த எவரும் சொல்ல மாட்டார்கள். ஏழு பருவம் ஆடினார், ஒப்பந்தம் முடிந்தது, ஃப்ரீ ஏஜென்ட் ஆனார், எங்கே வேண்டுமானாலும் போகலாம். கிளீவ்லாந்து கொடுத்திருக்கக்கூடியதைவிடக் குறைந்த பணத்துக்குத்தான் போனார். நிகழ்ச்சியின் விளம்பர வருமானத்தில் 25 லட்சம் டாலர் சிறுவர் மன்றங்களுக்குச் சேர்ந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அவர் இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கும் ஆக்ரனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அதற்கு முன் இந்த ஊர் கடைசியாக ஒரு பெரிய கோப்பையை வென்றது 1964இல், பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியால். அந்த அணியையும் 1996இல் அதன் உரிமையாளர் பால்டிமோருக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். 1950இல் ஒன்பது லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 2010இல் நான்கு லட்சத்துக்கும் கீழே. ஆலைகள் போயின, மக்கள் போனார்கள். கடைசியில் சொந்த மண்ணின் பிள்ளை, நாடே பார்க்க, டிவியில் உட்கார்ந்து போகிறேன் என்கிறான்.

இதை எனக்குப் புரியவைத்தது என் அப்பா. நான் அமெரிக்கா போகிறேன் என்பதை அவர் என் வாயால் கேட்கவில்லை. எப்படிச் சொல்வது என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், டீக்கடையில் வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். போனதற்காக அவர் ஒரு நாளும் என்னைக் கடிந்ததில்லை. "கடையில் வைத்துத் தெரிந்துகொண்டேன்" என்பதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கோபத்தைப் புரிந்துகொள்ளுங்கள், அதில் சேர்ந்துவிடாதீர்கள். கேவலியர்ஸ் அணியின் உரிமையாளர் டான் கில்பர்ட் அன்றிரவே கோழைத்தனமான துரோகம் என்று ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கூடைப்பந்து லீக்கான என்பிஏ அவருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்தது. தப்பியோடிய அடிமையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறார் என்று கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் கண்டித்தார். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது என்றே இன்றும் நினைக்கிறேன். 25 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் தன் உழைப்பை எங்கே விற்பது என்று தானே முடிவெடுத்தது பலருக்குப் பொறுக்கவில்லை. அந்த நாட்களில் நம்மவர் வீட்டு விருந்துகளில் கேட்ட நிறப் பேச்சு இப்போதும் காதில் எரிகிறது. மூன்று வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறியவர்கள் பேசிய பேச்சு அது! இருபது வருடம் இங்கே இருந்தும், தியாகராஜ ஆராதனை நடக்கும் நாட்களைத் தவிர இந்த ஊரில் எதுவுமே இல்லை என்று சொல்லும் கூட்டமும் அதுதான். ஆராதனைக்கு நானும் வருடம் தவறாமல் போகிறேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எதற்கு அழுகிறார் என்று தெரியாமல் ஒரு தெருவில் எப்படிக் குடியிருப்பது?

2010 டிசம்பர் 2 அன்று மயாமி அணியோடு லெப்ரான் இங்கே ஆட வந்தபோது அரங்கமே கூச்சலிட்டது. 38 புள்ளிகள் எடுத்துவிட்டுப் போனார். அந்தப் பருவத்தில் நம் அணி தொடர்ந்து 26 ஆட்டங்கள் தோற்றது. 2014 ஜூலையில், இந்த முறை பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதி, வீடு திரும்புகிறேன் என்றார். அன்று பெரியவர் அந்த எண்ணெய்ச் சட்டையை மெஷினில் மூன்று முறை போட்டார். கறை போகவில்லை.

2016 ஜூன் 19, இங்கே தந்தையர் தினம். 3-1 என்று பின்தங்கியிருந்த இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் அணியை 93-89 என்று வென்றோம். 52 வருடக் காத்திருப்பு. புதன்கிழமை நடந்த ஊர்வலத்துக்குப் பதின்மூன்று லட்சம் பேர் வந்ததாகச் சொன்னார்கள். லீவு போட்டுவிட்டுப் பெரியவரையும் பேரனையும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பையனுக்கு அந்தச் சட்டை பத்தவில்லை. பெரியவர் அதைத் தோளில் துண்டுபோலப் போட்டுக்கொண்டு வெயிலில் நான்கு மணி நேரம் நின்றார்.

2018இல் லெப்ரான் மறுபடியும் போனார், லாஸ் ஏஞ்சலிஸுக்கு. அந்த நவம்பரில் ஆட வந்தபோது எழுந்து நின்று கை தட்டினோம்.

திங்கட்கிழமை அந்த மேசைக்கே போங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம். வயதில் மூத்தவராகப் பார்த்து, ஏழாவது ஆட்டத்தை யாரோடு பார்த்தீர்கள் என்று கேளுங்கள். சாப்பாட்டு நேரம் போதாது, சொல்லிவைக்கிறேன்.