பையன் மெல்பர்ன் போனா நம்மள மறந்துருவானா?

அக்கா, நீங்க நேத்து அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். ஃபீஸப் பத்தி ஒரு வார்த்த இல்ல, "அங்க போயி தமிழ் பேச வெக்கப்படுவானா"ன்னுதான் முழுக்க. மலேசியால இந்த சுங்கை சிப்புட்ல உக்காந்து இத்தன வருசமா பசங்கள வெளிநாட்டுக்கு படிக்க அனுப்பற வேலய பாக்கறேன், ரப்பர் தோட்டத்து அம்மாங்க பாதிப்பேரு கேக்கறது இதேதான்.

இங்க இருக்கற வரைக்கும் உங்க பையன நீ யாருன்னு எவனும் கேட்டதில்ல. தமிழ்ப்பள்ளி, கோயில் திருவிழா, பக்கத்து லயத்து (தோட்டத்து வரிச வீட்டு) சொந்தம் எல்லாம் தானா இருந்துச்சு. மெல்பர்ன்ல மொத வாரமே கேப்பாங்க, இந்தியாவாம்பாங்க, இல்ல மலேசியாம்பான், அப்பறம் எப்டி தமிழ் பேசறேன்னு அடுத்த கேள்வி வரும், அதுக்கு பதில் சொல்ல அவனுக்கு தாத்தா இந்தியாலேருந்து ரஜுலாங்கற கப்பல்ல வந்த கத வேணும், பாட்டி ரப்பர் மரத்துல பால் வெட்டுன கத வேணும். இன்னும் சொல்லலன்னா இப்பவே சொல்லி வைங்க.

வேடிக்க என்னன்னா நெறைய பசங்க அங்க போயி மொதல்ல மலேசியன் ஆயிடறாங்க. இங்க கேன்டீன்ல தனித்தனி மேசைல சாப்ட்ட மலாய், சீனப் பசங்களோட அங்க ஒன்னா நம்மூரு தேங்காப்பால் சோறு நாசி லெமாக் ஆக்குவாங்க, வெள்ளக்காரனுக்கு புரியக்கூடாதுன்னு டிராம்ல மலாய்ல பேசிக்குவாங்க. யாழ்ப்பாணத்துப் பையன்கிட்ட, சாப்ட்டியாங்கறதுக்கு நாம சொல்ற "பசியாறிட்டியா"வ கேட்டு அவன் முழிக்கறப்பதான் நம்ம தமிழுக்கும் தனி ருசி இருக்குன்னே தெரியும். தமிழ் அங்க இல்லாம இல்ல, விக்டோரியால அது பன்னெண்டாங் கிளாஸ் பரீட்சப் பாடம், காரம் டவுன்ஸ்ல சிவா விஷ்ணு கோயில் இருக்கு. தேடிப் போகணும், அவ்ளோதான்.

ஜான் பெர்ரின்னு ஒரு சைக்காலஜி ஆளு 1997ல எழுதுன கட்டுரைல, வேற நாட்டுக்குப் போறவங்க அங்க பழகிக்கற நாலு வழி சொல்றாரு, ரெண்டையும் வெச்சுக்கறது, பழச விட்டுட்டு புதுச புடிக்கறது, புதுசு பக்கமே போகாம இருக்கறது, ரெண்டும் இல்லாம நிக்கறது. எனக்கு பயம் நாலாவதுதான். நான் பாத்த வரைக்கும் அப்டி நிக்கற பசங்க, போன் பண்ணாலே "மாட்டுக்கறி தின்னியா, தண்ணி அடிச்சியா"ன்னு விசாரண நடக்கற வீட்டுப் பசங்கதான். கோவிச்சுக்காதீங்க. போன்ல நீங்க தமிழ்லயே பேசுங்க, அவன் இங்கிலீஷ் கலந்தா திருத்தாதீங்க.

தீபாவளி அங்க பரீட்ச நேரத்துல வரும், வரலன்னா மறந்துட்டான்னு அழாதீங்கக்கா. தைப்பூசம் அவங்களுக்கு பெரிய லீவுல வரும், ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலுக்கு காவடி எடுக்க வந்துரலாம். டிக்கெட்டுக்கு நீங்கதான் சேத்து வைக்கணும், படிக்கற நேரத்துல ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேல செய்யத்தான் விசா விடும், அது அவன் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாப் போயிடும்.

சனிக்கிழம பையன கூட்டிட்டு வாங்க. அந்த இஞ்சினியரிங் கோர்ஸ் வாஷிங்டன் அக்கார்ட்ல (ஒரு நாட்டு இஞ்சினியரிங் டிகிரிய இன்னொரு நாடு ஏத்துக்கற ஒப்பந்தம்) வருதான்னு பாக்கணும், இல்லன்னா இங்க வந்து இஞ்சினியரா பதிவு பண்றப்ப இழுபறிதான். உங்க மாமனாரையும் கூட்டிட்டு வாங்கலா, கப்பல் கத அவருக்குத்தான் முழுசா தெரியும்.