ஆஸ்திரேலியப் பாப் பாடகி கைலி மினோக் தன் பழைய குருநாதர்களுடன் இன்னொரு ஆல்பம் செய்தால் அது எப்படி இருக்கும்?

பிரிட்டிஷ் பாடலாசிரியர்-தயாரிப்பாளர்களான மைக் ஸ்டாக், மேட் எய்ட்கன், பீட் வாட்டர்மேன் மூவரையும்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 1988 முதல் 1991 வரை கைலியின் முதல் நாலு ஆல்பங்களும் பெரும்பாலும் இவர்கள் கூடாரத்தில் உருவானவை. 1991-ல் எய்ட்கன் விலகிவிட்டார். நாலாவது ஆல்பம் மற்ற இருவருடையது. 2015-ல் மூவரும் சேர்ந்து கைலியின் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை ரீமிக்ஸ் செய்தார்கள். ஆனால் அதை எழுதியவர் கோல்ட்ப்ளே இசைக்குழுவின் கிறிஸ் மார்ட்டின், அதனால் அதை வைத்து எடை போட முடியாது. இவர்களுடைய பலமே பாட்டு எழுதுவதில்தான் இருக்கிறது.

அதனால் பழைய லின் 9000 டிரம் மெஷினையும் யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டையும் தேடிப்பிடிப்பது இரண்டாம்பட்சம். அந்தச் சத்தம் இன்று எந்த லேப்டாப்பிலும் கிடைக்கும். திரும்பக் கொண்டுவர வேண்டியது வேலை செய்த முறையை. 'ஐ ஷுட் பி ஸோ லக்கி'யை, கைலி ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏற வேண்டிய நாளில், அவரை ஸ்டுடியோவில் காக்கவைத்துவிட்டு சுமார் 40 நிமிடத்தில் எழுதினார்கள். 1988-ல் அது பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. இன்று ஒரு பாட்டுக்கு ஏழெட்டுப் பேர் எழுதி, ஆறு மாதம் திருத்துகிறார்கள். அப்படிச் செய்தால் இந்தக் கூட்டணியைக் கூப்பிட்டதற்கே அர்த்தமில்லை.

என் கணக்கு இது: பத்துப் பாட்டு, பாட்டுக்கு மூன்று நாள். முதல் நாள் ஸ்டாக்கும் எய்ட்கனும் கீபோர்டில் மெட்டையும் வரிகளையும் முடிக்க வேண்டும். பல்லவிக்கு இவர்களுக்குப் பிடித்த கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) வரிசை ஒன்று உண்டு. சி மேஜரில் சொன்னால் எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர். பாடகர் ரிக் ஆஸ்ட்லிக்கு 1987-ல் செய்த பெரிய ஹிட்டான 'நெவர் கானா கிவ் யூ அப்'பிலும் இதுதான். நாலு கார்டு போயும் பாட்டின் ஆதார கார்டான 'சி'யில் வந்து உட்காராது. அதனால் காது அடுத்த சுற்றுக்குக் காத்துக்கொண்டே இருக்கும், சந்தோஷமான தாளத்துக்கு அடியில் லேசான ஏக்கம் ஓடும். வேகம் நிமிடத்துக்கு 115 முதல் 120 தாளத்தட்டு வரை. 128-க்கு ஏற்றினால் ஜிம் பாட்டாகிவிடும், வரிகள் காதில் விழாது.

இரண்டாம் நாள் கைலி. 1968-ல் பிறந்தவர், இருபது வயதில் பாடிய ஸ்ருதியிலேயே பாடவைத்தால் கீச்சென்று கேட்கும். ஒன்றரை, இரண்டு ஸ்வரம் இறக்கினால் குரலில் இப்போதுள்ள கனம் வெளியே வரும். கோரஸில் அவர் குரலையே நகலெடுத்து அடுக்கக் கூடாது. அந்தக் காலத்தில் மே மெக்கென்னா, மிரியம் ஸ்டாக்லி போன்ற பின்னணிப் பாடகிகள் பாடியதால்தான் பல்லவி அத்தனை அகலமாக ஒலித்தது. மூன்றாம் நாள் மிக்ஸ், அதாவது குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலக்கும் வேலை. அதற்கு அவர்களின் பழைய மிக்ஸர் பீட் ஹேமண்ட் இருந்தால் நல்லது. சத்தத்தை உச்சத்துக்கு நசுக்கிவிட்டால் டிரம்முக்கும் குரலுக்கும் நடுவே இடமே இருக்காது. இப்போதைய ரெட்ரோ முயற்சிகள் பல சொதப்புவது இங்கேதான்.

வரிகளில் கைலிக்கும் பங்கு வேண்டும். நாலாவது ஆல்பத்திலேயே ஸ்டாக், வாட்டர்மேனோடு சேர்ந்து எழுதினார். மறுபடி வெறும் பாடகியாக நிற்க இப்போது அவருக்கு அவசியமில்லை.

1988-ல் கைலியோடு டூயட் பாடிய ஜேசன் டோனவனோடு மறுபடி ஒரு டூயட் வேண்டும் என்று கம்பெனி கண்டிப்பாகக் கேட்கும். கொடுக்கலாம், பத்தாவது பாட்டாக மட்டும். முதல் சிங்கிளாக விட்டால் மற்ற ஒன்பதையும் யாரும் கேட்கமாட்டார்கள்.