பதினொரு நோட்டுகள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. வயது 26. எங்கள் பஸ் ஆர்வலர் குழுவில் ஏழு வருடமாக இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அட்டையில் போட்டு, 32 பக்கத்தில் ஒரு இதழ் கொண்டுவருகிறோம். சந்தா சேர்ப்பது, கட்டுரை வாங்குவது, பிழை திருத்துவது, தபாலில் சேர்ப்பது எல்லாம் எங்கள் செயலாளர் ஒருவரே. அவருக்கு இப்போது உடம்பு முடியவில்லை. போன மூன்று மாதமும் இதழ் வரவில்லை.

"எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. புது பஸ் டிப்போவை விட்டு வெளியே வருவதற்குள் படம் ஊரெல்லாம் சுற்றிவிடுகிறது. இனி அச்சிட்ட இதழ் எதற்கு, சங்கம்தான் எதற்கு?" என்று குழுவில் பாதிப் பேர் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 1929 முதல் இருக்கும் ஆம்னிபஸ் சொசைட்டி, 1943இல் தொடங்கிய பி.எஸ்.வி. (பொதுப் பயணி வாகனம்) சர்க்கிள் போன்ற பழைய பஸ் ஆர்வலர் சங்கங்களிலேயே உறுப்பினர்கள் முதியவர்களாகி வருகிறார்கள் என்று படித்தோம். அவர்களுக்கே அப்படி என்றால் எங்களுக்கு என்ன எதிர்காலம்?

எங்கள் மூத்த உறுப்பினர் ஓய்வுபெற்ற டைம் கீப்பர். வீரவநல்லூரில் இருக்கிறார். கண் பார்வை குறைந்துவிட்டது. அவரிடம் பஸ் குறிப்புகள் எழுதிய பதினொரு நோட்டுகள் இருக்கின்றன. "இதழை நிறுத்தினால் இந்த நோட்டுகளை நான் யாரிடம் கொடுப்பது?" என்று கேட்கிறார். எங்களிடம் பதில் இல்லை.

ச.மு., கல்லிடைக்குறிச்சி

*

அன்புள்ள தம்பிக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது நடத்துகிற மாதிரி நடத்தவும் வேண்டாம்.

முதலில் அந்த இங்கிலாந்துச் சங்கங்கள். அவர்களுக்கு வயதாகிறது என்பதை மட்டும் பார்க்கிறீர்கள். அவர்கள் செய்த வேலை என்ன என்று பாருங்கள். பி.எஸ்.வி. சர்க்கிள் பிறந்தது உலகப் போரின் நடுவில். அவர்கள் மாதாமாதம் வெளியிட்ட செய்தித் தாளில் அலங்காரம் எதுவும் கிடையாது. சேசிஸ் (அடிச்சட்டம்) எண், அதன்மேல் கட்டும் பாடியின் எண், பதிவு எண், எந்த நிறுவனம் வாங்கியது, எப்போது விற்றது, எப்போது உடைத்தது என்று வரிசையாகப் போகும். வேறொருவர் கண்ணுக்கு அது வெறும் எண்களின் குவியல். ஆனால் துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு பழைய பஸ்ஸை மீட்டு ஓட்ட நினைப்பவர் முதலில் தேடிப் போவது அந்தப் பட்டியலைத்தான். கடைகளில் விற்ற 'பஸஸ் இல்லஸ்ட்ரேட்டட்' போன்ற படப் பத்திரிகை 1949இல் வந்தது. அது வேறு வேலை, வியாபாரத்துக்குரிய வேலை. சங்கத்தின் வேலை சரிபார்த்த கணக்கை வைத்திருப்பது. நீங்கள் சங்கத்தின் கைகளை வைத்துக்கொண்டு படப் பத்திரிகையின் வேலையைச் செய்யப் பார்க்கிறீர்கள். அந்த ஓட்டத்தில் போனை யாராலும் முந்த முடியாது. முந்த வேண்டிய தேவையும் இல்லை.

படத்துக்கு இன்று பஞ்சமே இல்லை. அந்தப் படத்தில் இருக்கும் வண்டி எந்தக் கிளையுடையது (எந்த டிப்போ), எந்த வருடம் பாடி கட்டியது, அதற்கு முன் அதே வழித்தடத்தில் எது ஓடியது, பழைய வண்டி எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள். நூறு பேர் நூறு பதில் சொல்வார்கள். அதில் எது சரி என்று உட்கார்ந்து பார்ப்பவர் யார்? அந்த ஒரு வேலைக்காகத்தான் சங்கம். அப்படிப் பார்த்து முடித்ததை, நாளைக்கு யாரும் அழித்து மாற்றி எழுத முடியாதபடி நிறுத்தி வைக்கத்தான் அச்சிட்ட இதழ். போன இதழில் வந்த தவறை அடுத்த இதழில் 'திருத்தம்' என்று போடுகிறீர்கள் இல்லையா, உங்கள் இதழில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

நம் ஊர்க் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம், ஆங்கிலச் சுருக்கத்தில் கே.டி.சி., வந்தது. 1997இல் தென் மாவட்டங்களில் நடந்த கலவரங்களுக்குப் பிறகு, கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்கள் எல்லாம் எடுக்கப்பட்டன. பஸ்ஸின் பக்கவாட்டிலிருந்து கட்டபொம்மன் இறங்கிவிட்டார். ஆனால் இன்றைக்கும் கண்டக்டர் "கே.டி.சி. நகர் இறங்கு" என்று குரல் கொடுக்கிறார். அந்த மூன்று எழுத்து எதன் சுருக்கம் என்று அங்கே குடியிருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் சிலரிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு கழகம் போய், அதன் பெயர் ஒரு பஸ் நிறுத்தத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து வண்டிகளின் நிறம், முன்பக்கப் பலகையின் எழுத்து, 'கரம், சிரம், புறம் நீட்டாதீர்' என்று சன்னலுக்கு மேலே எழுதிய ஓவியர்கள், ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த திருக்குறள் பலகை, ஒவ்வொரு விலைக்கும் ஒவ்வொரு நிறத்தில் வந்த டிக்கெட்டுக் கட்டு, இதையெல்லாம் வரிசையாக எழுதி வைப்பது எந்த அலுவலகத்தின் கடமையும் இல்லை. அலுவலகத்துக்கு வண்டி ஓடினால் போதும்.

இதில் லண்டனும் நமக்கு முழுக்க அந்நியம் இல்லை. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசு தன் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியபோது, அதை அமைத்துக் கொடுக்க லண்டன் போக்குவரத்து நிர்வாகத்திலிருந்து இ.ஜி. சால்ட்டர் என்பவரை அழைத்து வந்தார்கள். செங்கோட்டையும் நாகர்கோவிலும் அன்று திருவிதாங்கூரில் இருந்தவை. இன்று தென்காசிக்கு வந்து திரும்பும் கேரள அரசு பஸ்ஸின் பூர்வீகம் அங்கே தொடங்குகிறது. உங்கள் இதழில் ஒரு கட்டுரைக்கு இது போதுமே.

அவசரமும் இருக்கிறது. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. போக்குவரத்துக் கழக பஸ்களும் அதில் அடக்கம். முன்பெல்லாம் ஒரு வண்டி மப்சலில் ஓடி, பிறகு டவுன் பஸ்ஸாகி, பிறகு ஸ்பேர் வண்டியாக நின்று, மெதுவாகத்தான் கண்டம் செய்து உடைக்கப் போகும். இப்போது தேதி வந்தால் முடிந்தது. மும்பையில் 1937 முதல் ஓடிய இரட்டை மாடி பஸ்களில், டீசல் வண்டிகள் வழித்தடங்களில் ஓடிய கடைசி நாள் 2023 செப்டம்பர் 15. அன்று அதை வழியனுப்ப ஆர்வலர்கள் திரண்டார்கள். ஒன்றிரண்டையாவது காட்சிக்கு வையுங்கள் என்று முன்கூட்டியே மனுக் கொடுத்ததும் அவர்கள்தான். நம் ஊரில் ஏலத்துக்குப் போன எந்த வண்டிக்கு அப்படி ஒருவர் போய் நின்றார்?

இனி அந்த நோட்டுகள். இதை எழுதும்போது எனக்கு வேறு ஒரு நோட்டுதான் நினைவுக்கு வருகிறது.

இருபது வருடத்துக்கு முன்பு பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் அலமாரியிலிருந்து நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது. இடது ஓரத்தில் தேதி, அடுத்து வண்டியின் கடைசி நான்கு எண், அடுத்து வழித்தடம். அதற்கும் அடுத்து ஒரு கட்டத்தில் சின்னச் சின்னக் குறிகள். வட்டம் போட்டிருந்தால் அன்றைக்கு மழையில் கூரை ஒழுகியது என்று பொருள். பெருக்கல் குறி என்றால் வண்டி வழியில் நின்றுவிட்டது. ஒரு பக்கத்தில் பெருக்கல் குறிக்கு எதிரே பென்சிலில் இப்படி இருந்தது: 'முக்கூடல் தாண்டி. மாலை 6.40. பிரசவ வலிக்காரி ஒருத்தி. லாரி நிறுத்தி ஏற்றி அனுப்பினேன்.' அதற்குக் கீழே வேறு மையில், மூன்று நாள் கழித்து: 'ஆண் குழந்தை. இருவரும் நலம்.' அந்த ஊர்க்காரர் யாரையோ பஸ்ஸில் பார்த்து விசாரித்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தை நகல் எடுக்க வேண்டும் என்று அன்றே நினைத்தேன். அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். அடுத்த முறை போனபோது அவர் படம் சுவரில் மாலையோடு இருந்தது. நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. வீட்டார் மேல் தவறே இல்லை. இதற்கு மதிப்பு உண்டு என்று அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லாமல் வந்தேன். இன்றுவரை அது என் நெஞ்சில் இருக்கிறது.

ஆகவே உங்கள் பெரியவர் கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தின் மையம். சங்கத்தின் எதிர்காலத்தை உறுப்பினர் எண்ணிக்கையை வைத்துப் பார்க்காதீர்கள். அந்தப் பதினொரு நோட்டுகளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ள ஆள் உண்டா இல்லையா என்று பாருங்கள்.

இளைஞர்களுக்கு ஆர்வம் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையத்துக்கு ஒரு மாலை போய் நில்லுங்கள். ஹாரன் ஒலியை வைத்தே வண்டியைச் சொல்லும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்டதெல்லாம் சந்தாப் பணம் மட்டுமே, வேலை கொடுக்கவில்லை. ஒருவருக்கு ஒரு கிளை என்று பிரித்துக் கொடுங்கள். பாபநாசம் ஒருவருக்கு, வள்ளியூர் ஒருவருக்கு, திசையன்விளை ஒருவருக்கு, சங்கரன்கோவில் ஒருவருக்கு. அந்தக் கிளைக்கு என்ன வண்டி வந்தது, என்ன வண்டி போனது என்று மாதம் ஒரு பக்கம் எழுதித் தந்தால் போதும். தன் பெயரோடு அது அச்சில் வருவதைப் பார்த்த பையன் எளிதில் விலக மாட்டான். செயலாளர் தலையில் இருக்கும் சுமையையும் இப்படியே உடையுங்கள். முகவரிப் பட்டியல் ஒருவரிடம், பணக் கணக்கு இன்னொருவரிடம், அச்சகம் மூன்றாமவரிடம். ஒருவர் படுத்தால் இதழும் படுக்கிறது என்றால் அதற்குப் பெயர் சங்கம் இல்லை, அந்த நல்ல மனிதரை நாம் எல்லோருமாகச் சேர்ந்து வருத்துகிறோம் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் இதழ்களில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் வருவதே இல்லை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபோது, ஆலங்குளம், முக்கூடல் பக்கத்துப் பீடித் தொழிலாளர்களின் போக்குவரத்து எப்படி மாறியது? சுற்றிய பீடிக் கட்டோடு போய் இலையும் தூளும் வாங்கித் திரும்பும் அக்காமார்களிடம் கேட்டு எழுதுங்கள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்து பஸ்ஸும் அப்படித்தான். மணிமுத்தாறு வழியாக மலையேறி நாலுமுக்கு, ஊத்து வரை போகும் அந்த வண்டி, தோட்டத்து மக்களுக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாவற்றுக்கும் வழி. 2024இல் தோட்ட நிறுவனம் அவர்களை வேலையிலிருந்து விலக்கிக் கீழே இறங்கச் சொன்னது. தோட்டத்துக்குச் சிங்கம்பட்டி ஜமீன் கொடுத்த 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிகிறது. அந்த பஸ்ஸில் போய்வந்தவர்கள் இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். அடுத்த இதழ் முழுவதையும் அதற்கே கொடுக்கலாம்.

செலவு பற்றிக் கவலைப்படாதீர்கள். வருடத்துக்கு நான்கு இதழ் தேவையில்லை. ஒன்று போதும், கெட்டியாக வரட்டும். இடையில் வரும் செய்திகளை போனிலேயே சுற்றுக்கு விடுங்கள், அது அதற்குரிய இடம். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. சிற்றிதழ்க்காரர்களுக்குத் தபால் செலவு எப்போதுமே கழுத்தைப் பிடிப்பதுதான். ஆண்டு இதழ் என்றால் நேரில் கூடும் ஒரு நாளில் கையிலேயே கொடுத்துவிடலாம். ஐந்து பிரதிகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கு ஒன்று, சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒன்று, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒன்று, மற்ற இரண்டும் சங்கத்துக்கு. ரோஜா முத்தையா கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதியவர். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று பிறர் தூக்கி எறிந்ததையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பிறகு, 1994இல் அந்தச் சேகரிப்பிலிருந்துதான் அந்த நூலகம் எழுந்தது. உங்கள் இதழும் டிக்கெட்டுக் கட்டும் அங்கே அந்நியமாகத் தோன்றாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பாபநாசம் பஸ் ஏறி வீரவநல்லூரில் இறங்குகிறேன். நீங்கள் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வந்துவிடுங்கள். இரண்டு பையன்களையும் கூட்டி வாருங்கள், நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்தவன் ஒருவன், கையெழுத்து நன்றாக இருப்பவன் ஒருவன். பெரியவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். முதல் நோட்டின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம். நான் உரக்கப் படிக்கிறேன். எழுத்து புரியாத இடத்தில் நிறுத்தினால், அது எந்த வண்டி, எந்த நடை என்று அவரே சொல்வார்.

அன்புடன்.