அந்த பேரிங்கை இப்போது கழற்றாதீர்கள்

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறேன். ராலி ஓட்டும் ஆசையில் ஒரு பழைய ஹேட்ச்பேக் காரைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். வலது முன்சக்கர பேரிங் போய்விட்டது. நண்பர்கள் நம்பிக்கையானவர் என்று சொன்ன ராமநாதபுரம் மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை விட்டேன். பேரிங்கை நானே ஆன்லைனில் 2,900 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். கூலி 3,600 ரூபாய். 2,000 கொடுத்துவிட்டேன், 1,600 பாக்கி. மூன்று நாள் வேலையை 18 நாள் இழுத்தடித்தார். கோவை ராலிக்குக் கட்டிய நுழைவுக் கட்டணம் வீணாகிப் போனது. வண்டி 340 கிலோமீட்டர் ஓடுவதற்குள் மறுபடியும் அதே உறுமல். கேட்டால், "நீங்க வாங்கிக் குடுத்தது டூப்ளிகேட்" என்று நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டார். அந்தச் சத்தத்தோடு தனுஷ்கோடிப் பக்கம் மணலில் ஓட்டி எடுத்த வீடியோவை, "ஏமாற்றுக்காரன்" என்று அவர் பெயரையும் எழுதி ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் மதுரையில் வேறு பட்டறையில் பேரிங்கைக் கழற்றி, அவர் செய்த தப்பை எழுதி வாங்கப் போகிறேன். போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா? நம்பகமான மெக்கானிக்கை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பதில்: மதுரைக்குப் போக வேண்டாம். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். கெட்டது பேரிங்கா, அதை ஏற்றிய விதமா? அதற்கான பதில் இந்த நிமிடம் உங்கள் வண்டியின் வலது நக்கிளுக்குள், அதாவது சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகத்துக்குள், பத்திரமாக இருக்கிறது. எதிர்தரப்புக்குச் சொல்லாமல் நீங்களாகப் போய் அதை அடித்துக் கழற்றினால், வழக்கை நீங்களே முடித்து வைத்த மாதிரி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் முன்னால் பேசியதும், நண்பர்கள் கொடுத்த நற்சான்றும் வழக்குக்கு உதவாது. மோசடி என்றால் வேலையை ஏற்றுக்கொண்ட அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வேலை சரியில்லை என்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் வராது. சிவில் விவகாரம் என்று சொல்லி ஸ்டேஷனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நுழைவுக் கட்டணத்தைக் கேட்பதென்றால், ராலி தேதி இன்னது, அதற்குள் வண்டி வேண்டும் என்று வேலை கொடுக்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவு அதைத்தான் கேட்கும். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு வரி இருந்தால் அந்தப் போனை மாற்றாமல் வைத்திருங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் போடலாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வழக்குப் போடுகிறவர்கள் சறுக்குவது அங்கே அல்ல. பொருளை ஒருவரிடம் வாங்கி, வேலையை இன்னொருவரிடம் கொடுத்தீர்கள் பாருங்கள், அங்கேதான். மெக்கானிக் மீது மட்டும் புகார் போட்டால் பொருள் போலி என்பார். விற்றவர் மீது மட்டும் போட்டால் ஏற்றத் தெரியாமல் ஏற்றிவிட்டார்கள் என்பார். நிரூபிக்கும் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில். அதனால் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும், பேரிங் பில்லும் கையில் இருக்க வேண்டும்.

இப்போது பேரிங்குக்கு வருகிறேன். இந்த வகை பேரிங்கை நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். பிறகு சக்கரத்தை மாட்டும் ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு இல்லாமல் பிரஸ் என்ற அழுத்தும் இயந்திரத்தில் வைத்தாலோ சுத்தியலால் அடித்தாலோ, மொத்த விசையும் வளையங்களுக்கு நடுவே உருளும் குண்டுகள் வழியாகப் பாய்ந்து, அவை ஓடும் தடத்தில் குண்டுக்கு ஒன்றாக, சம இடைவெளியில் சின்னச் சின்னப் பள்ளம் விழும். சில நூறு கிலோமீட்டரில் அது உறுமலாக வெளியே வரும். உங்கள் 340 கிலோமீட்டர் இந்தக் கதைக்குப் பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது வேறு, நிரூபணம் வேறு.

சிக்கல் என்னவென்றால், கழற்றும்போதும் விசை அதே குண்டுகள் வழியாகத்தான் போகும். ஹப்பை இழுத்தால் உள் வளையத்தின் ஒரு பாதி அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதை எடுக்கக் கிரைண்டர் வைப்பார்கள். ஏற்றும்போது விழுந்த பள்ளம் ஓட்டத்தில் தேய்ந்து மழுங்கியிருக்கும், கழற்றும்போது விழுந்தது புதிதாகப் பளிச்சென்று இருக்கும், நல்ல நிபுணரால் பிரித்துச் சொல்ல முடியும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிட்டால்? "இந்தப் பள்ளம் மதுரைப் பட்டறையில் விழுந்தது" என்று எதிர்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். மதுரை மெக்கானிக் லெட்டர்பேடில் எழுதித் தரும் நாலு வரி அதற்கு ஈடு நிற்காது. பொருளில் குறை என்றால் ஆணையமே மாதிரியை எடுத்து, முத்திரை வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. முத்திரை வைக்க முழுசாக ஒரு பொருள் வேண்டாமா?

வண்டி ஓட வேண்டும், சாட்சியமும் பிழைக்க வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. முதலில் இருவருக்கும் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, இன்ன தேதியில், இன்ன இடத்தில் கழற்றப் போகிறோம், வந்து பாருங்கள் என்று 15 நாள் அவகாசம் கொடுங்கள். அன்று பேரிங்கைத் தொடாமல் நக்கிளை ஹப்போடும் பேரிங்கோடும் ஒரே துண்டாக இறக்குங்கள். சக்கரத்தின் நடுவே ஷாஃப்டை இறுக்கும் ஆக்ஸில் நட்டைத் தொடுவதற்கு முன் அதன் முகத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுக்க வேண்டும். பழைய நட்டையே திருப்பிப் போட்டிருந்தால், அதன் விளிம்பைத் தட்டி மடக்கிய அடையாளம் இரண்டு இடத்தில் இருக்கும். அதுவே ஒரு சாட்சி. நட்டும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். சக்கரத்தின் ஆட்டத்தை டயல் கேஜ் என்ற அளவுக் கருவியில் அளந்து எழுதுங்கள். நட்டைத் தளர்த்திய பிறகு காரை அந்தச் சக்கரத்தில் ஓர் அடிகூட உருட்டக் கூடாது, இறுக்கம் இல்லாமல் எடை விழுந்தால் நல்ல பேரிங்கும் கெட்டுவிடும். இறக்கிய நக்கிளில் ஹப் வழியாக நீள போல்ட் ஒன்றை வாஷரோடு கோர்த்து அளவாக இறுக்கி, துணியில் சுற்றி, சாட்சிக் கையெழுத்தோடு பெட்டியில் மூடிவிடுங்கள். வண்டிக்கு வேறு நக்கிள் ஒன்றைப் பழைய பாகங்கள் விற்கும் கடையில் பார்த்துக்கொள்ளலாம்.

அதுவரை இந்த வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். பழுது இருப்பது தெரிந்தே ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவில் குற்றம். யாருக்காவது அடிபட்டால் மெக்கானிக்குக்கு முன்னால் நீங்கள்தான் கூண்டில் நிற்பீர்கள்.

உங்களுக்கு உண்மையான ஆபத்து அந்தத் தனுஷ்கோடி வீடியோதான். உப்புக்காற்று, மணல், சத்தம் கேட்டும் நிறுத்தாமல் ஓட்டியது என மெக்கானிக் தரப்பு வாதம் முழுவதையும் நீங்களே படம் பிடித்துக் கொடுத்துவிட்டீர்கள். சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் ஸ்பேஸரோ, ஆஃப்செட் மாறிய வீலோ போட்டிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்வார்கள். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள பேரிங் மேல் விழும் சுமை கூடும், அது நியாயமான வாதமும்கூட. வீடியோவை அழிக்காதீர்கள், அழித்தால் ஏதோ மறைக்கிறீர்கள் என்றாகும். ஆனால் "ஏமாற்றுக்காரன்" என்று பெயர் போட்டு எழுதியதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு இன்றே நீக்கிவிடுங்கள். அவதூறுக்கு நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவு இருக்கிறது. 6,500 ரூபாய் தகராறுக்கு நீங்கள் குற்றவழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்க வேண்டாம். ஸ்பான்சரிடம் பணம் வாங்கி ஓட்டுகிறவரா என்பதையும் இப்போதே யோசியுங்கள், "வணிக நோக்கம்" என்று சொல்லி நீங்கள் நுகர்வோரே இல்லை என்று வாதாட அது இடம் கொடுக்கும். இன்சூரன்ஸ் பக்கமும் போகாதீர்கள். வழக்கமான பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். ஆய்வுக் கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் நீங்கள், அதுவே பேரிங் விலையைத் தாண்டிவிடக்கூடும். ஐந்து மாதத்தில் வழக்கை முடிக்கச் சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். நோட்டீஸ் போன பிறகு மெக்கானிக்கே பேச வருவதற்கு வாய்ப்பு அதிகம். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: டீலரிடம் பில்லோடு வாங்கிய புது பேரிங்கும் புது ஆக்ஸில் நட்டும், உங்கள் முன்னிலையில் கூலி இல்லாமல் வேலை, 1,600 பாக்கி தள்ளுபடி. பேரிங் பணத்தை நீங்கள் கொடுப்பதாக இருந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் "எல்லாம் தீர்ந்தது" என்று கையெழுத்துப் போடும் தாளில், மூன்று மாதத்துக்குள் அதே சத்தம் வந்தால் மறுபடி செய்து தருவேன் என்ற வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் போட்ட கையெழுத்து அடுத்த பழுதுக்கும் சேர்த்து உங்கள் வாயை அடைத்துவிடும்.

நம்பகமான மெக்கானிக் யார் என்று வக்கீலைக் கேட்டால், செய்யும் வேலையை ஜாப் கார்டில் எழுதிக் கொடுக்கிறவர் என்றுதான் சொல்வேன். பிரஸ் இருக்கிறதா, சரியான அளவு அடாப்டர் இருக்கிறதா, ஆக்ஸில் நட்டை இம்பாக்ட் கன்னில் விடாமல், அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரென்ச்சில் முடிப்பாரா என்று பாருங்கள். ஏபிஎஸ் பிரேக் உள்ள வண்டியில் பேரிங்கின் காந்தப் பக்கம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். சென்சார் பக்கம் என்று யோசிக்காமல் பதில் வர வேண்டும். பேரிங் எண், வாங்கியவர் யார், நட்டை இறுக்கிய அளவு, பழைய பேரிங்கைத் திருப்பித் தந்தது, இந்த நான்கும் கார்டில் ஏற வேண்டும். அடுத்த முறை பேரிங்கையும் அவரையே வாங்கிப் போடச் சொல்லுங்கள். ஐந்நூறு ரூபாய் கூடப் போனாலும், பொருளுக்கும் வேலைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான்.